பாண் வண்டியும் நீத்துப்பெட்டியும்

யாழ்ப்பாணம் போய் இறங்கிய அன்று சாயங்காலமே அந்தப் பாட்டு காதில் விழுந்தது. நம்மூரில் சில கார்கள் பின்னால் போகும்போது டிங் டிங் என்று ஒரு இசை வருமே, அந்த மாதிரி. பீதோவனின் 'ஃபர் எலீஸ்' என்று பிறகு தெரிந்துகொண்டேன். "அம்மா, ஐஸ்கிரீம் வண்டி!" என்று என் மகள் வாசலுக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் போனேன். ஐஸ்கிரீம் இல்லை. ஆட்டோவின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி பொருத்தி, அதற்குள் பிரட்டும் பன்னும் அடுக்கியிருந்தது. அப்போதுதான் வெந்த வாசனை தெரு முழுக்க வந்தது.

அவள் கேட்கவில்லை, அழவும் இல்லை. பேசாமல் திரும்பி உள்ளே வந்து, ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டாள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அவ்வளவு பொறுமை வந்துவிட்டதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

அவளுக்கு சீலியாக் என்கிற கோளாறு. கோதுமை, பார்லி, ரை இவற்றில் இருக்கும் குளூட்டன் என்னும் புரதம் குடலுக்குப் போனால், உடம்பே தன் குடலின் உட்சுவரைத் தாக்க ஆரம்பித்துவிடும். ஏழு வயதில் எடை ஏறாமல், வயிறு மட்டும் உப்பி, ரத்தசோகையோடு அலைந்தோம். பூச்சி மருந்து, டானிக், திருஷ்டி கழித்தல் எல்லாம் ஆனபிறகு ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனையும், குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் செய்து கண்டுபிடித்தார். (சந்தேகம் வந்தவுடன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் பரிசோதனையில் சரியாகத் தெரியாது.) இதற்கு மருந்து கிடையாது, ஆயுள் முழுக்கப் பத்தியம்தான். மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், பிரட் ஒன்றும் கூடாது. கடைப் பெருங்காயத்தில்கூட கோதுமை மாவு கலப்பதுண்டு என்று அறிந்தபோது எனக்குத் தலை சுற்றியது.

அரிசி சாப்பிடும் வீட்டில் இது என்ன பெரிய கஷ்டம் என்று மாமியார் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவளுக்கு இட்லியும் தோசையும் அலுத்துப்போய், பிரட் பிரட் என்றே நினைப்பு. அரிசி மாவும் மரவள்ளி மாவும் கலந்து நானே சுட்டுப் பார்த்தேன். செங்கல். விலை கொடுத்து வாங்கிய பாக்கெட் பிரட் மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. ஒரு கடி கடித்துவிட்டு, "இது பிரட் இல்லைம்மா" என்று வைத்துவிடுவாள்.

2024 மே மாத விடுமுறையில் யாழ்ப்பாணம் போனது இதற்காக இல்லை. எங்கள் தெருவில் பல வருஷம் குடியிருந்த அக்கா, சண்டை முடிந்த 2009-க்குப் பிறகு சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். வா வா என்று ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பலாலியில் இறங்கிவிடலாம். பிட்டும் இடியாப்பமும் தின்கிற ஊர், குழந்தைக்குச் சாப்பாட்டுக் கவலையே இல்லை என்று தெம்பாகக் கிளம்பினேன்.

அந்தத் தெம்பு மூன்றாம் நாளே போயிற்று. நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஒரு கடையில் இடியாப்பமும் சொதியும் வாங்கிக் கொடுத்தேன். பூப்போல வெள்ளையாக இருந்தது. ஆசையாக நாலு சாப்பிட்டாள். ராத்திரி பதினோரு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், விடியும்வரை வாந்தியும் பேதியுமாகத் துவண்டுவிட்டாள்.

"ஐயோ பிள்ளை, அந்த வெள்ளை இடியப்பத்துக்குள்ள அவிச்ச கோதம்ப மா கலந்திருப்பினம். இங்க பிட்டுக்கும் அப்பிடித்தான், கனபேர் கலந்துதான் அவிக்கிறது. நான் உனக்கு முதலே சொல்லியிருக்க வேணும்" என்று அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் வேகவைத்து, சலித்து, அரிசி மாவோடு சேர்ப்பார்களாம். மிருதுவாக வரும், மலிவும்கூட. அக்கா வீட்டில் எங்களுக்காகத் தனி அரிசி மாவே வைத்திருந்தார். கடையில் நான்தான் கேட்காமல் வாங்கினேன். பேரைப் பார்த்து நம்பக்கூடாது, மாவைக் கேட்க வேண்டும் என்ற பாடத்தை என் குழந்தையின் வயிற்றில் படித்தேன்.

கோதுமை விளையாத தீவில் கோதுமை எப்படி இப்படி நுழைந்தது? பாண் என்ற சொல்லே போர்த்துக்கீசியம். 1619-ல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியவர்கள் அவர்கள். பிற்பாடு கப்பல் கப்பலாக மாவு மலிவாக வந்து இறங்க, அவசரத்துக்கு ஒரு றாத்தல் பாணும் சம்பலும் என்பது நாடு முழுக்கப் பழக்கமாகிவிட்டது. கப்பல் நின்றால் கஷ்டம். 1973, 74-ல் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற கதையை அக்கா சொன்னார். 90-க்குப் பிறகு குடாநாட்டுக்கு மாவும் மண்ணெண்ணெயும் வராமல் தடைபட்ட நாட்களையும் சொன்னார். 2022-ல் அன்னியச் செலாவணி இல்லாமல் நாடே தவித்தபோது, பாண் விலை மறுபடி தாறுமாறாக ஏறிற்றாம்.

"அப்பவெல்லாம் என்னக்கா சாப்பிட்டீங்க?"

"பனை இருக்குத்தானே!" என்றார்.

குழந்தை இரண்டு நாள் கஞ்சி குடித்துத் தெளிந்ததும், அக்கா அடுக்களையில் இறங்கிவிட்டார். எனக்கு வந்த முதல் உத்தரவு: "பாண் மாதிரி எண்டு ஒண்டும் செய்து குடுக்காத. மாதிரி எண்டால் அவள் பாணைத்தான் நினைப்பாள்."

சிவப்புப் பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, வீட்டிலேயே இடித்து வறுத்த மாவு. மில்லுக்குக் கொடுக்கவில்லை. முன்னால் யாரோ கோதுமை அரைத்திருந்தால் நம் மாவிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். (ஊரில் இரண்டு வருஷம் நான் மில்லில்தான் அரைத்தேன். எடை ஏன் மெதுவாக ஏறியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.) உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறி, கட்டியானதை ஒரு தகரப் பேணியின் விளிம்பால் கொத்துகிறார். சின்னச் சின்ன உருண்டைகளாக உதிர்ந்ததும் தேங்காய்ப்பூ சேர்த்து நீத்துப்பெட்டியில் கொட்டி, பானைமேல் வைத்து அவிக்கிறார். நீத்துப்பெட்டி என்பது பனையோலையில் கூம்பு மாதிரி பின்னிய கூடை. வேகும்போது ஓலை வாசனை பிட்டில் இறங்குகிறது பாருங்கள், நம் குழாய்ப் புட்டுக்கு அது வராது. மே மாதமாக இருந்ததால் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் வெட்டி வைத்தார். குழந்தை சாப்பிட்டாள். நல்லா இருக்கு என்றும் சொன்னாள். ஆனாலும் சாயங்காலம் வண்டியின் பாட்டு கேட்டபோது அவள் கண் வாசலுக்குத்தான் போயிற்று.

அக்கா அதைக் கவனித்துவிட்டார். "பிள்ளை, பாணில உனக்கு என்ன விருப்பம்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். இரண்டு வருஷத்தில் நான் கேட்காத கேள்வி. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கையில வெச்சுக்கிட்டே ஓடலாம் பெரியம்மா. பிச்சுப் பிச்சுத் தொட்டுக்கலாம். ஸ்கூல்ல எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுவாங்க. நான் மட்டும் ஸ்பூன்ல சாப்பிடறேன்" என்றாள்.

ருசி என்று அவள் சொல்லவே இல்லை! நானோ ருசியைத் துரத்திக்கொண்டு மாவு மாவாக வாங்கிக் காசைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் குரக்கன் ரொட்டி. குரக்கன் என்பது நம் கேழ்வரகுதான். இதிலும் கோதுமை மாவு கலப்பதுதான் அங்கே வழக்கம், தனிக் குரக்கன் விண்டுபோகும் என்பதால். அக்கா செய்த வழி இது: ஒரு கப் மாவுக்கு அரைக் கப் துருவிய தேங்காய், பொடியாய் நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு. நன்றாகக் கொதிக்கும் தண்ணீரை விட்டுக் கரண்டியால் கிளறி, மூடிவைத்து, கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசைய வேண்டும். ஆறவிட்டால் கெட்டது. வாழையிலைத் துண்டில் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலை வாடியதும் உரித்துவிட்டு மறுபக்கம் சுடுவது. கொஞ்சம் தடிமனாகவே இருக்கட்டும். மெல்லிசாகத் தட்டினால் ஆறியதும் அப்பளம்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றம் முழுக்க ஓடினாள். பிய்த்துப் பிய்த்துச் சம்பலில் தொட்டாள். மூன்று தின்றாள்!

ஒடியல் பிட்டு பெரியவர்களுக்கு. பனங்கிழங்கைப் பச்சையாகவே பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை அப்படியே உபயோகிக்கக் கூடாது, கசப்பும் ஒவ்வாத சத்தும் உண்டு. தண்ணீரில் கரைத்து ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்து, துணியில் பிழிந்து, பிறகுதான் பிட்டோ கூழோ. நார் நிறைய இருப்பதால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது. சாயங்காலம் ஓலையில் மடித்த பிளாவில் ஊற்றி, காய்கறி போட்ட ஒடியல் கூழ் குடித்தோம். எனக்கு முதல் வாய் பிடிக்கவில்லை, இரண்டாவது பிளாவை நானே நீட்டினேன். மகளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. எல்லாம் பிடிக்க வேண்டுமென்று சட்டமா என்ன?

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மறுபடி அந்தப் பாட்டு வந்தது. "பெரியம்மா, பாண் வண்டி வருது, உங்களுக்கு வேணுமா?" என்று அவளே கூவினாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஊருக்குப் புறப்படும்போது ஒரு நீத்துப்பெட்டியும், இரண்டு கிலோ சிவப்பரிசி மாவும் அக்கா கட்டிக்கொடுத்தார். பள்ளி திறந்ததும் டிபன் டப்பாவில் குரக்கன் ரொட்டிதான் போகிறது. கூட நாலு ரொட்டி வைக்கச் சொல்கிறாள், பக்கத்து பெஞ்சுக்காரிகள் கேட்கிறார்களாம். பெருங்காயத்தைக் கட்டியாக வாங்காமல், கோதுமை இல்லை என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குகிறேன். மாவு வீட்டு மிக்ஸியில்தான். பிட்டுதான் முதலில் சரியாக வரவில்லை, என் பானைக்கு வாய் அகலம், ஆவியெல்லாம் பக்கவாட்டில் போய்விட்டது. போனில் கேட்டேன். "பானை வாயைச் சுத்தி ஈரத்துணியைக் கட்டிப்போட்டு, அதுக்கு மேல பெட்டியை வை பிள்ளை" என்றார் அக்கா. இப்போது நன்றாக வேகிறது.