வெயில் தின்ற இமை

எங்கள் வீட்டு வெள்ளச்சிக்குப் பதினொரு வயதானபோது, அதன் இடக்கண்ணின் கீழிமை விளிம்பில் மிளகளவில் ஒரு புண் தோன்றியது. தெருப் பூனையோடு நிகழ்ந்த சண்டையின் கீறல் என்றே கருதினோம். களிம்பு தடவினோம். பொருக்கு உதிரும், ஆறிவிட்டதென மகிழ்வோம், மறுவாரமே சிவந்து கசியும். இவ்வாறே இரண்டு மாதங்கள் கழிந்தன.

கட்டியென்றால் உருண்டு திரண்டிருக்கும் என்பது எங்கள் எண்ணம். பூனையின் இமையில் அதிகம் காணப்படும் செதிள்செல் புற்று, பெரும்பாலும் ஆறாத புண்ணாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லியே அறிந்தோம். நாய்களின் இமைக் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. பூனைகளில் நிலைமை நேர்மாறு. நிறமியற்ற இமையில் ஆண்டுக்கணக்கில் வெயில் படுவதே வெள்ளைப் பூனைகளுக்கு இந்நோயைக் கொணரும் முதன்மைக் காரணமாம். கிழக்குச் சன்னலில் வெயிலைப் பார்த்துக் கண்மூடிக் கிடக்கும் வெள்ளச்சியை எத்தனை முறை நிழற்படம் எடுத்து மகிழ்ந்திருக்கிறோம்!

அப்போதும் முகத்தில் கத்தி படவேண்டுமா எனத் தயங்கினோம். மருத்துவர் கணக்கைச் சொன்னார். இமை நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குவரை ஆப்பு வடிவில் வெட்டி, இருபுறத்தையும் இழுத்துத் தைத்துவிடலாம். அதற்குமேல் போனால் உதட்டிலிருந்தோ கன்னத்திலிருந்தோ தோலைத் திருப்பிப் புதிய இமை அமைக்கவேண்டும். அதுவும் போதாதெனில் கண்ணையே எடுக்கவேண்டியிருக்கும். பூனையின் இமை விழியோடு இறுகப் பொருந்தியது. இழுக்க உபரித் தோல் இல்லை. புண்ணைச் சுற்றிய நல்ல தசையிலும் சிறிது சேர்த்தே வெட்டவேண்டும். எங்கள் தயக்கத்தின் ஒவ்வொரு வாரமும் அந்த மூன்றிலொரு பங்கிலிருந்தே கழிந்துகொண்டிருந்தது என்பது அப்போது உறைத்தது.

மறுநாளே அறுவை நடந்தது. முதல் தையல் இமை விளிம்பில் விழவேண்டும் என்றார். இரு முனைகளும் மயிரிழை பிசகினாலும் முடி விழியில் உராய்ந்து கருவிழியைப் புண்ணாக்கும். முடிச்சும் விழியைத் தொடாதவாறு எட்டு வடிவில் ஊசி சென்று திரும்பவேண்டும். கழுத்தில் கூம்பு மாட்டிய வெள்ளச்சி, தையல் பிரிக்கும்வரை கதவுகளில் மோதியபடி எங்களை வெறுத்துத் திரிந்தது.

திசுப் பரிசோதனை புற்றையே உறுதிசெய்தது. வெட்டிய ஓரங்களில் நோயில்லை என்றும் அதே தாள் சொன்னது. கண் தப்பியது; பார்வையும் தப்பியது.

இப்போது பகலில் அந்தச் சன்னலுக்குத் திரை போட்டிருக்கிறோம். வெள்ளச்சி திரையடியில் அமர்ந்து, இடுக்கு வழியே தரையில் விழும் வெயில்கோட்டின்மேல் முன்காலை வைத்துக்கொள்கிறது. அதற்கு எங்களால் எதையும் விளக்க இயலாது. திரையைச் சற்றே நகர்த்தி அந்தக் கோட்டையும் மறைக்கிறோம்.