கயிறு இழுத்துக் கிளப்பும் படகு மோட்டார்

செம்பனைத் தோட்டத்துக் குடும்பங்களில் புல்வெட்டும் இயந்திரத்தின் கயிற்றை ஒரு முறையாவது இழுத்துப் பார்க்காதவர்கள் குறைவு. காலையில் பெரட்டு முடிந்த கையோடு அந்தக் கயிற்றோடு மல்லுக்கட்டும் சத்தம் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அந்தக் கயிறு இழுத்து விட்டால் தானே உள்ளே சுருட்டிக்கொள்ளும். நான் சொல்ல வந்தது அதற்கு மூத்த தலைமுறையைப் பற்றி. படகின் பின்பலகையில் மாட்டும் பழைய மோட்டாரில் கயிறு தனி, மோட்டார் தனி. ஒவ்வொரு தடவையும் நாமே சுற்றி, நாமே இழுக்க வேண்டும். தோட்டப் பள்ளி டீச்சருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. சொல்கிறேன்.

என் சித்தப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெலுக் இந்தான் பக்கம் பேராக் ஆற்றில் சம்பான் வைத்து ஆற்றிறால் பிடிக்கிறார். மலாய்க்காரர்கள் ஊடாங் காலா என்பார்களே, அதுதான். பேரப்பிள்ளைகளின் பள்ளி பஸ் காசு அந்த இறாலில்தான் வருகிறது. அவருடைய மோட்டார் பிரிட்டிஷ் சீகல் என்ற இங்கிலாந்துச் சரக்கு. 1974-இல் ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் 120 வெள்ளி கொடுத்து வாங்கியது. அந்தக் கம்பெனி 1996-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மோட்டார் மட்டும் நிற்கவில்லை. ஆனால் சித்தப்பாவின் வலது தோள் நின்றுவிட்டது. சவ்வு கிழிந்திருக்கிறது, இனி கயிறு இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன்கள் இருவரும் வேலைக்காகச் சிங்கப்பூரில். ஆகவே சனிக்கிழமைகளில் கயிறு என் கைக்கு வந்தது. எனக்கு வயது நாற்பத்தாறு, எடை நாற்பத்தேழு கிலோ. படகுத்துறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஏனென்றால் இது பலத்தால் ஆகும் காரியமே அல்ல. இந்த மோட்டாருக்குப் பேட்டரி கிடையாது. தலையில் இருக்கும் கனத்த சக்கரத்தில் காந்தம் இருக்கிறது. அது ஓரளவு வேகத்தில் சுற்றினால்தான் பிளக்கில் பொறி பறக்கும். மெதுவாக எவ்வளவு பலமாக இழுத்தாலும் பொறி வராது. சட்டென்று இழுத்தால் சிறு இழுப்பே போதும். சித்தப்பா எனக்குச் சொன்ன முதல் பாடம், "இழுக்காதம்மா, முதல்ல தடவிப் பாரு" என்பதுதான். சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளும். பிஸ்டன் காற்றை நெருக்கும் இடம் அது. அங்கே நிறுத்தி, கயிற்று முடிச்சைச் சக்கரத்தின் வெட்டில் மாட்டி, கடிகாரம் சுற்றும் பக்கமாக ஒன்றரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். கயிற்றின் தொய்வை எடுத்துவிட்டு ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். கயிறு கழன்று கையோடு வந்துவிடும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் அதிகம். மோட்டாரின் கால் தண்ணீருக்குள் இறங்கியிருக்க வேண்டும்; குளிர்விக்க அந்தத் தண்ணீர்தான். டாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, பெட்ரோல் குழாயைத் திறந்துவிடுங்கள். கார்புரேட்டரின் மேல் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். பெட்ரோல் கசிந்து சொட்டும்வரை அதை அழுத்துங்கள். குளிர்ந்திருக்கும் மோட்டாருக்குச் சோக்கை மூடுங்கள். ஓடிச் சூடான மோட்டாருக்கு அது வேண்டாம். நம் ஊர் வெயிலில் சூடான மோட்டாருக்குச் சோக்குப் போட்டால் பெட்ரோல் மிஞ்சி, பிளக் நனைந்துவிடும். அப்படி நனைந்தால் வெறி பிடித்தாற்போல் இழுப்பதில் பயனில்லை. பெட்ரோல் குழாயை மூடி, சோக்கைத் திறந்து, வேகக் கைப்பிடியை முழுவதும் திறந்து ஏழெட்டு முறை இழுத்தால் மிஞ்சியது வெளியேறும். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினால் இன்னும் நல்லது.

அந்தச் சின்னப் பொத்தானை நான் வைத்தியர் நாடி பார்ப்பதற்கு ஒப்பிடுவேன். போன வருடம் ஒரு மாலை நடு ஆற்றில் மோட்டார் நின்றுவிட்டது. தண்ணீர் வற்றும் நேரம். பழுப்பு நிற வெள்ளம் எங்களைக் கழிமுகப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. சற்றுத் தூரத்தில் நங்கூரமிட்ட ஓர் இரும்புத் தோணி. சித்தப்பா பதறிப்போய் என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி இழுத்தார். பத்து முறை, பதினைந்து முறை. தோள் வலியில் முகம் வெளுத்துவிட்டது. "கொஞ்சம் உக்காருங்க சித்தப்பா" என்று அதட்டி, துடுப்பைக் கொடுத்துப் படகைத் தோணிக்கு விலக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிறகு பொத்தானை அழுத்தினேன். ஒரு சொட்டுக்கூட வரவில்லை! அப்படியானால் பொறியில் கோளாறு தேட வேண்டியதில்லை, பெட்ரோலே வரவில்லை. மூடியைப் பார்த்தால் காற்றுத் திருகு இறுகிக் கிடந்தது. வேனில் ஏற்றும்போது சிந்தாமலிருக்கச் சித்தப்பா இறுக்கியது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. மீதம் இருந்ததில் சிறிது நேரம் ஓடி நின்றிருக்கிறது. திருகைத் தளர்த்தியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே போயிற்று. மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. கரை சேரும்வரை இருவரும் பேசவில்லை.

பொத்தானில் பெட்ரோல் சொட்டியும் கிளம்பவில்லை என்றால்தான் பொறியைப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, கம்பியோடு சேர்த்து இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து இழுத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். சிந்திய பெட்ரோல் பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். பொறி இல்லை என்றால், பெரும்பாலும் சக்கரத்தின் அடியில் உள்ள பாயிண்டில் பூஞ்சை போல் படிந்திருக்கும். மழை மாதங்களில் சும்மா கிடந்த மோட்டாருக்கு வரும் நோய் இது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு வைத்தால் சரியாகும்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். சித்தப்பாவின் மோட்டார் பழைய வகை. பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலக்க வேண்டும். பின்னால் வந்த சீகல்களுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று. பட்டணத்துப் பட்டறை ஒன்றில், புல்வெட்டும் இயந்திரத்துக்குக் கலந்து வைத்திருந்ததையே இதற்கும் ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். புகை குறைந்தது என்று பெருமை வேறு! உள்ளே உராய்வது அவர்கள் கண்ணுக்கா தெரியும்? இந்த மோட்டார் புகைக்கத்தான் செய்யும். பிளக்கும் சீக்கிரம் கறுக்கும். ஆகவே இன்னொரு பிளக் கையில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் பழைய மோட்டார் இருந்தால் அது எந்த வகை என்று தெரிந்துகொண்டு கலக்குங்கள்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கயிற்றை விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள். அரைமனதாக இழுத்தால் சக்கரம் திருப்பி உதைக்கும், விரல் போய்விடும். ஒரு மரக்கட்டையைப் பிடியாகக் கட்டிக்கொள்ளுங்கள். இழுக்கும் முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். பிள்ளைகள் யாராவது உட்கார்ந்திருந்தால் முழங்கையும் கயிறும் அவர்கள் முகத்தில்தான் போய் விழும். கிளம்பிய பிறகு தலைச் சக்கரம் மூடியில்லாமல் சுற்றும், அதனால் கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், துப்பட்டா வேண்டாம். இந்த வகையில் கிளட்சும் கிடையாது. கிளம்பிய நொடியே படகு பாயும். கட்டை அவிழ்த்து, முன்பக்கத்தை ஆற்றை நோக்கித் திருப்பி, மிதவைச் சட்டை போட்டு, உட்கார்ந்தபடி இழுங்கள்.

வேலை முடிந்து கரைக்கு வரும்போது நாங்கள் கைப்பிடியால் நிறுத்துவதில்லை. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்க விடுகிறோம். பழைய பெட்ரோல் உள்ளே பிசினாகக் காய்ந்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை தோள்தான் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரில் காலை இறக்கி ஐந்து நிமிடம் ஓட்டுவோம், ஆற்று உப்புப் போக. அந்த ஐந்து நிமிடக் கிளப்பலுக்கு இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்திதான் கயிறு சுற்றிக் கொடுக்கிறாள். இழுக்க இன்னும் விடவில்லை.