பதினெட்டு வயதுக் கையொப்பம்

இந்நாட்டின் ஆட்சியை யாரிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை 18 வயது நிரம்பியவர்க்கு 1959ஆம் ஆண்டிலே கிடைத்துவிட்டது. அதற்கு முன் வாக்காளராவதற்கு 21 வயது ஆகவேண்டும். சொத்து வாங்கவும் விற்கவும் வேண்டிய பராய வயதையும் 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் 21 என்றே வைத்திருந்தது. அது 18 ஆகக் குறைந்தது 1989ஆம் ஆண்டில்.

ஆயினும் இவ்வுரிமைகளெல்லாம் பாடசாலையின் படலையோடு நின்றுவிடுகின்றன. க.பொ.த. உயர்தர வகுப்பு மாணவன் 18 வயதைக் கடந்தவனாயினும், காய்ச்சலென்று இரண்டு நாள் வராதிருந்தால் தகப்பனாரின் கடிதத்தோடுதான் திரும்பி வரவேண்டும். தேர்ச்சி அறிக்கையிலும் பெற்றோரோ பாதுகாவலரோ கையொப்பமிட வேண்டும். அவனையே மாணவர் தலைவனாக்கி, முந்நூறு சிறுவரை வரிசையில் நிறுத்தும் பொறுப்பை ஒப்படைக்கிறோம். அவன் தடிமனோடு படுத்திருந்தான் என்பதை மட்டும் அவன் வாய்மொழியால் நம்ப மறுக்கிறோம்.

இத்தகையோர் சிலரே என்று தள்ளிவிடவும் இயலாது. 13ஆம் வகுப்பில் 18 வயது நிரம்பாதவரைத் தேடித்தான் காணவேண்டும். பரீட்சைகள் பின்போடப்பட்ட காலத்தில், 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியிலேயே தொடங்கிற்று. 19 வயதைக் கடந்தவர் பலர் அப்பொழுது வெள்ளைச் சீருடையில் இருந்தனர்.

நாம் வடபகுதிப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குப் பொறுப்பாயிருந்த காலத்தில், 2013ஆம் ஆண்டில், ஒரு மாணவன் எம்மிடம் படித்தான். போரின் இறுதியில் தந்தையார் காணாமற் போனார், தாயாரும் இல்லை. கண்பார்வை குன்றிய அம்மம்மாவும் இரு தங்கைகளுமே அவனுடைய குடும்பம். மாலையில் ஒரு கடையில் கணக்கெழுதி அக்குடும்பத்தை நடத்தினான். தங்கைகளின் தேர்ச்சி அறிக்கையிலே பாதுகாவலர் என்ற இடத்தில் கையொப்பமிட்டவன் அவனே. அவர்களுடைய பாடசாலை அதனை ஏற்றுக்கொண்டது. அவனுடைய சொந்த அறிக்கைக்கோ அக்கையொப்பம் செல்லவில்லை! அதற்காக ஏழெட்டு மைல் சைக்கிளோடி, பதிவேட்டில் பாதுகாவலராகக் காட்டப்பட்ட மாமாவிடம் போவான். மாமா லொறிச் சாரதி. அறிக்கையைத் திறந்தும் பாராமல், “எவடத்திலை வைக்கிறது, மருமோன்?” என்று கேட்டு, லொறிக் கதவின்மேல் வைத்துக் கையெழுத்திட்டுக் கொடுப்பாராம்.

அதிபரிடம் இதனை எடுத்துச் சொன்னோம். அவர் இரக்கமுள்ளவர். “விளங்குது மாஸ்டர். ஆனால் நாளைக்கு ஏதும் நடந்தால் நான் ஆரைக் கேக்கிறது?” என்றார். அந்த அச்சத்தை நாம் எளிதாக எண்ணவில்லை. பாடசாலை நேரத்தில் குளத்துக்கும் கடலுக்கும் போய் மாண்ட பிள்ளைகளின் செய்தியை வாசித்தவர் எவரும் அவ்வாறு எண்ணார். எனினும் லொறிக் கதவின்மேல் இட்ட கையெழுத்து எந்தப் பிள்ளையைக் காப்பாற்றும்? இரு கிழமை யோசித்தபின் அதிபர் இணங்கினார். இறுதித் தவணை அறிக்கையை வாங்கிய மாணவன் உடனே கையொப்பமிடவில்லை. பௌதிகவியலுக்கு நேரே இருந்த புள்ளியை நெடுநேரம் பார்த்திருந்தான். பிறகே பேனா கேட்டான்.

பிற நாடுகள் இதனைச் சட்டமாகவே செய்திருக்கின்றன. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாணவருக்கு 18 வயதானதும் பாடசாலைப் பதிவேடுகள் பற்றிய உரிமை பெற்றோரிடமிருந்து அவரிடமே சென்றுவிடுகிறது. எம்மவரின் பிள்ளைகள் பெருந்தொகையாகப் படிக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பெற்றோரின் கட்டுப்பாட்டிலிருந்து விலகி வாழும் 16, 17 வயதினரும் தமக்குரிய கல்வி விடயங்களைத் தாமே தீர்மானிக்கலாம். இங்கேயும் 2016ஆம் ஆண்டு முதல் கட்டாயக் கல்வி 16 வயதோடு முடிகிறது. அதற்குமேற் படிப்பவனைச் சட்டம் இழுத்து வரவில்லை, அவனாகவே வருகிறான்.

அமெரிக்க முறையை அப்படியே இங்கு நடுவதில் எமக்கு விருப்பமில்லை. தாலிக்கொடியை அடகு வைத்துத் தனியார் வகுப்புக்குப் பணம் கட்டிய தாய்க்கு மகனின் புள்ளியை அறிய உரிமையில்லை என்று சொல்ல எமக்கு நா எழாது. அறிவதும் அனுமதிப்பதும் வேறு. தாய் அறியட்டும், பொறுப்பேற்றுக் கையொப்பமிடுபவன் மகனாயிருக்கட்டும். ‘தோளுக்கு மிஞ்சினால் தோழன்’ என்று வீட்டிலே பேசுகிறவர்கள்தாமே நாம்!

உரிமை கொடுத்தால் பாடசாலைக்கே வரமாட்டார்கள் என்று சிலர் அஞ்சுவர். பரீட்சை நெருங்கும் மாதங்களில் ‘வயிற்றுவலி’ என்று பெற்றோரே கையொப்பமிட்டு அனுப்பிய கடிதங்களை நாம் கட்டுக்கட்டாக வாசித்திருக்கிறோம். அவ்வயிற்றுவலி எந்தத் தனியார் வகுப்பு வாங்கிலே ஆறிற்று என்பதையும் அறிவோம்.

18 வயது நிரம்பிய மாணவர், வேண்டுமாயின், அதிபருக்குத் தம் கைப்பட ஒரு பொறுப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். அன்று முதல் விடுமுறைக் கடிதத்திலும் தேர்ச்சி அறிக்கையிலும் சுற்றுலாச் சம்மதப் பத்திரத்திலும் அவர் கையொப்பம் செல்லுபடியாகட்டும். சீருடை, நேரசூசி, வரவு ஒழுங்கு யாவும் மற்றையோர்க்குப்போலவே அவர்க்கும். அறிக்கையின் பிரதியொன்று மட்டும் வீட்டுக்குப் போகட்டும். அதிலே கையொப்பத்துக்கு இடம் விடவேண்டியதில்லை.