நடு மேசை

"ஞாயிறன்று எங்கே சாப்பிடலாம்?"

எங்கள் பல்லாவரத்தில் வாரக் கடைசி நெருங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி இது. கேள்வி சிறிது. விடைகளோ தெருவுக்குத் தெரு காத்திருக்கின்றன. வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழம்பொருள் தேடிக் களைத்தவர் கேட்கின்றனர். ஆறு நாள் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்தவர் கேட்கின்றனர். அடுப்படியில் ஏழு நாளும் வெந்தவர் மட்டும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியூர் நண்பர் வந்து வழி கேட்டால் நான் கூறும் விடை இது: காலைப் பொழுதா? தொடர்வண்டி நிலையத்தை ஒட்டிய சந்துகளுக்குள் செல்லுங்கள். ஆவி பறக்கும் இட்லியும், மிளகு கண் சிமிட்டும் பொங்கலும், சென்னைக்கே உரிய வடகறியும் அங்கே உண்டு. நண்பகலா? வாழையிலை விரித்து மீன் குழம்பு ஊற்றும் 'மெஸ்' இருக்கிறது. பிரியாணி வேண்டுமாயின் பாய் கடைக்குத் தேக்சாவின் மூடி திறக்கும் வேளையறிந்து போகவேண்டும். ஆம்பூர் முறையில் சீரகச் சம்பா அரிசியும், பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கும், வெங்காயத் தயிர்ப்பச்சடியும் கிடைக்கும். மாலையா? கல்லில் தட்டும் ஓசையே அழைக்கும் கொத்துப் பரோட்டா. மின்தொடர் வண்டியேறிக் கடற்கரை நிலையம்வரை சென்றால், 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் கொண்டுவந்த அத்தோ! இத்தனையும் எங்களுக்கு எட்டும் தொலைவில். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கியபின் நகரம் எங்களை நோக்கி வந்தது. நாங்கள் நகரத்தை நோக்கிச் சென்றோம். 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் எங்கள் ஊரும் ஓர் அங்கமாயிற்று.

நாவுக்கு வழி சொல்லிவிட்டேன். இனி நெஞ்சுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு, தோழர்களே!

எங்கே சாப்பிடலாம் என்று நாம் கேட்கிறோம். என் தந்தை தம் இளமையில் கேட்டது அதுவல்ல. "எங்கே உட்கார விடுவார்கள்?" — இதுதான் அவர் கேள்வி.

செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று அவர் பிறந்த மண். அந்த ஊர்த் தேநீர்க் கடையின் கூரை இறவானத்தில் ஒரு குவளை செருகப்பட்டிருக்கும். அது எங்கள் தெருவினருக்கு! அவரே அதை எடுக்கவேண்டும், அவரே நீட்டவேண்டும், மேலிருந்து ஊற்றப்படும் தேநீரை வெளியில் நின்று குடித்து, அவரே கழுவி, அவரே மீண்டும் செருகவேண்டும். காசு மட்டும் அவர் கையிலிருந்து கடைக்காரர் கைக்குத் தீட்டின்றிச் சென்றது! குவளைக்கு உண்டு தீட்டு, காசுக்கு இல்லை. என்னே விந்தையான மதம், என்னே விந்தையான கணக்கு!

பதினெட்டு வயதில், 1956இல், அவர் அந்தக் குவளையைக் கூரையிலேயே விட்டுவிட்டுப் பல்லாவரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார். அப்போது சட்டம் இருந்தது. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, பொது உணவு விடுதிகளில் சாதியைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்றது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவு விடுதியின் பாத்திரங்களைப் பயன்படுத்த மறுப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆம், குவளையின் பெயரால் ஒரு சட்டம்! ஆனால் தில்லியில் பிறந்த சட்டம், நடந்தே ஊருக்குள் வந்து சேரக் காலம் பிடித்தது.

சட்டத்துக்கு முன்னே நடந்தவர்கள் தொண்டர்கள். சேரன்மாதேவிக் குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப் பந்தி, ஏனைய சிறுவர்க்கு வேறு பந்தி என்றிருந்ததை எதிர்த்து 1924-25இல் எழுந்த குரல் நாடறிந்தது. தொடர்வண்டி நிலைய உணவுச் சாலைகளில் பார்ப்பனர்க்கு ஒருபுறம், மற்றவர்க்கு மறுபுறம் எனப் பிரித்து வைத்திருந்த முறை 1941இல்தான் ஒழிந்தது. பயணச்சீட்டின் விலை ஒன்று. பந்தி மட்டும் இரண்டு! 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் தொடங்கிய கிளர்ச்சி மாதக்கணக்கில் நீடித்தது. ஒருவர் பின் ஒருவராகத் தொண்டர்கள் சிறை சென்றனர். 1958இல் அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கிற்று. ஒரு சொல்லுக்கா இத்தனை சிறைவாசம் என்று சிலர் நகைத்தனர். கூரையில் செருகிய குவளையைக் கழுவிக் கழுவிக் கை சிவந்தவரிடம் கேட்டிருந்தால், ஒரு சொல்லின் எடை என்ன என்று அவர் கூறியிருப்பார்.

உணவில் தூய்மையாம், தீட்டாம்! சாம்பாருக்குக் காரமேற்றும் மிளகாய் அமெரிக்காவில் விளைந்து, போர்த்துகீசியர் கப்பலேறி வந்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும் அவ்வாறே கடல் கடந்தவை. அவற்றின் குலம் கேட்டு எவரும் கொல்லைப்புறத்தில் நிறுத்தவில்லை. எங்கள் ஊர் மண்ணையே கேளுங்கள்! 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் இந்தப் பல்லாவரத்தில்தான் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். அந்தக் கல்லைச் செதுக்கிய மாந்தன் எந்தப் பந்தியில் அமர்ந்தான்? வேட்டையைப் பங்கிட்டபோது எந்தப் பலகையை மாட்டினான்? மாந்தன் மூத்தவன், தீட்டு நேற்றுப் பிறந்த குழந்தை.

எனக்கு எட்டு வயதிருக்கும். சம்பள நாள் ஒன்றில் தந்தை என்னை நிலையத்தருகிலிருந்த ஓர் உணவு விடுதிக்கு அழைத்துச் சென்றார். ஓரத்தில் இடமிருந்தது, சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்து எழுப்பினார்.

"அங்கே வேணாம். நடுவுல உக்காரு."

கூடத்தின் நட்ட நடுவே இருந்த மேசை அது. சுற்றிலும் மக்கள். எல்லோர் கண்ணும் எங்கள் மேல் என்று எனக்குத் தோன்றிற்று. எவரும் பார்க்கவில்லை என்பதே உண்மை. கண்ணாடிக் குவளையில் வந்த தண்ணீரைத் தந்தை உடனே குடிக்கவில்லை. விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு மெல்லக் குடித்துவிட்டு, கழுவாமல், மேசையின் மேலேயே வைத்தார். அதன் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. இறக்கும்வரை அவர் எந்த உணவு விடுதியிலும் ஓரத்தில் அமர்ந்ததில்லை.

இதுவரை பெருமைக் கதை. இனி வெட்கக் கதை.

அந்த நடு மேசையில் நானும் தந்தையும் அமர்ந்திருந்தோமே, அம்மா எங்கே?

வீட்டில்!

ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் கறிச்சோறு. விடிந்ததும் அம்மி, பிறகு அடுப்பு, பிறகு புகை. தந்தை முதலில் உண்பார், பிறகு பிள்ளைகள், இடையில் விருந்தினர் எவரேனும். மணி மூன்றைத் தொடும்போது, எஞ்சிய சோற்றைச் சட்டியிலிட்டு, ஒட்டிய மசாலாவோடு பிசைந்து, அடுப்படியில் குந்தியபடியே அம்மா உண்பார். அதில் கறித்துண்டு இருந்ததா என்று நான் பார்த்ததில்லை. தனிக் குவளையை விட்டு ஊரைத் துறந்து வந்த தந்தை, தம் வீட்டுக்குள் ஒரு தனிப் பந்தி நடப்பதைக் காணவில்லை. தெருவில் வென்ற சமத்துவம் அடுப்படி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டது!

அவரைக் குறை கூற எனக்கு வாயில்லை. நான் மேடையேறியவன். பெண்ணுரிமை பற்றி மணிக்கணக்கில் முழங்கியவன். கைத்தட்டல் காதில் ஒலிக்க, இரவு பதினொன்றுக்கு வீடு திரும்பி, தூக்கக் கண்ணோடு மனைவி சுட்டுத் தந்த தோசையை, "இன்னொன்று" என்று கேட்டு உண்டவன். அவள் உண்டாளா என்று கேட்கும் நினைவு, அந்த முழக்கத்தில் எங்கோ நழுவிப் போயிருந்தது. 'தனிப் பந்தி ஒழிக' என்று சுவரில் எழுதிய கை, வீட்டில் பந்தியை முதலாவதாகத் தொடங்கி வைத்தது.

கேள்வி என் மகளிடமிருந்து வந்தது. சென்ற கோடையில், வழக்கம்போல் எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் கேட்டாள்:

"அப்பா, ஆயா என்னைக்காவது நம்மகூட உக்காந்து சாப்பிட்டிருக்காங்களா?"

நினைவைத் துழாவினேன். அறுபது ஆண்டு வாழ்வில் ஒரு வேளை… ஒரே ஒரு வேளை… கிடைக்கவில்லை, தோழர்களே!

அந்த ஞாயிறே அம்மாவை அழைத்துச் சென்றோம். எண்பதைத் தாண்டியவர்; "எனக்கு எதுக்குடா இதெல்லாம்" என்று மறுத்தவர்; மகள்தான் சேலையை எடுத்துக் கையில் கொடுத்தாள். பெருஞ்சாலை ஓரத்து விடுதி. ஓரத்தில் குளிர்காற்று வீசும் இடம் காலியாக இருந்தது. நான் நடு மேசையைக் கேட்டு வாங்கினேன்.

ஐவருக்கும் ஒரே நேரத்தில் இலை விழுந்தது. ஐவருக்கும் ஒரே நேரத்தில் சூடாகச் சோறு வந்தது. நாங்கள் உண்ணத் தொடங்கினோம். அம்மாவின் கை மட்டும் இலைக்குப் போகவில்லை. சோற்றைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார், எவர் இலையில் என்ன குறைகிறது என்று கண்ணால் பரிமாறுகிறார்.

"சாப்பிடுங்கம்மா."

"நீங்கல்லாம் சாப்பிடுங்கப்பா. நான் அப்புறம்…"

அப்புறம்! அறுபதாண்டுக் காலம் அந்த ஒரு சொல்லில் அடங்கிக் கிடந்தது. சிறைக் கதவைத் திறந்த பின்னும் உள்ளேயே நிற்கும் கைதியைப்போல், பந்தி கலைந்த பின்னும் அம்மா தம் முறைக்குக் காத்திருந்தார். என் மகள் தன் கையால் ஒரு பிடி பிசைந்து அவர் வாயருகே நீட்டினாள். அதன் பிறகே அவர் உண்டார். மெல்ல, மிக மெல்ல, சூடு ஆறுமுன்.

இங்கே முடித்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அம்மா முடிக்கவிடவில்லை. ரசம் ஊற்ற வந்த இளைஞனை நிமிர்ந்து பார்த்தார். வடபுலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவன். எங்கள் தமிழை அரைகுறையாகக் கற்றவன். காலையிலிருந்து நின்ற கால்கள் அவனுக்கு.

"நீ சாப்பிட்டியாப்பா?"

அவன் திகைத்தான். வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தான். "நாலு மணி ஆகும், அம்மா."

நானும் இந்த விடுதிக்குப் பல ஞாயிறு வந்தவன். ரசம் கேட்டிருக்கிறேன், மோர் கேட்டிருக்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கடைசியில் உண்பவரைக் கடைசியில் உண்பவரே கண்டுகொண்டார்!

உணவு விடுதித் தொழிலாளர்க்கு வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் வரையறுக்க இந்த மாநிலம் 1958இலேயே தனிச் சட்டம் இயற்றியது. பலகையிலிருந்து அந்தச் சொல் இறங்கிய அதே ஆண்டு! கடைகளில் பணிபுரிவோர்க்கு அமர இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்தியதும் தமிழ்நாடே. எனினும் சட்டம் காகிதத்தில் அமர்ந்திருக்கிறது, இளைஞன் நின்றுகொண்டிருக்கிறான். என் தந்தையின் காலத்தில் அமர இடமில்லாதவர் வாசலுக்கு வெளியே நின்றார். இன்று அவர் வாளியோடு உள்ளே நிற்கிறார்.

ஆகவே, தோழர்களே, ஞாயிறன்று எங்கே சாப்பிடலாம் என்று கேட்கும்போது சுவையும் விலையும் பார்ப்போம், தவறில்லை. கூடவே மூன்றைக் கேட்போம். இங்கே நடு மேசையில் எவரும் அமரலாமா? பரிமாறுவோர்க்கு உட்காரவும் உண்ணவும் நேரம் உண்டா? நம்மோடு வரவேண்டியவர் எவரையேனும் அடுப்படியில் விட்டுவிட்டு வந்தோமா? முதல் கேள்விக்கு விடை காணப் பலர் சிறை சென்றனர். மற்ற இரண்டுக்கும் சிறை செல்லத் தேவையில்லை. விடுதிக்காரரிடம் வாய்திறந்து கேட்டால் போதும். வீட்டில் நாம் எழுந்து கரண்டியைப் பிடித்தால் போதும்.

வாரம் ஒருநாள் விடுதியில் கிடைக்கும் சமபந்தி, மற்ற ஆறு நாளும் வீட்டில் கிடைக்கவேண்டாமா? எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம். சட்டிகள் நடுவில், எல்லோரும் சுற்றிலும், எவரும் நின்று பரிமாறுவதில்லை, வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்கிறோம். சோறு வடிப்பது என் வேலை. முதல் வாரம் குழைந்தது. இரண்டாம் வாரம் அடிபிடித்தது. எவரும் குறை சொல்லவில்லை.

முதல் நாள் அம்மா ஒரு வாய் உண்டுவிட்டு வியப்போடு சொன்னார்:

"சூடா இருக்குடா!"