மஞ்சள் ஒயர் ஜாக்கிரதை

பழைய காருக்குப் புது ஸ்டீரியோ மாட்டுறது பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பேட்டரி கழட்ட ஒரு ஸ்பானர், அரை நாள் பொறுமை. இதுல கடைசியா சொன்னது மட்டும் எந்தக் கடையிலயும் கிடைக்காது :-)

எங்க வீட்டு வண்டி 2004 மாடல் மாருதி 800. அப்பாவோடது. 2019-லயும் 2024-லயும் ஆர்.சி.யைப் புதுப்பிச்சு இன்னமும் ஓட்டிக்கிட்டு இருக்கார். கேசட் செட் மண்டையைப் போட்டதும் ஒரு கடையில ப்ளூடூத் செட் மாட்டிட்டு வந்தார். பத்து நிமிஷ வேலையாம். நாலாம் நாள் டேஷ்போர்டுலேர்ந்து கருகுற வாசனை. செட்டை அணைச்சும் போகலை. பேட்டரியைக் கழட்டின பிறகுதான் நின்னுச்சு. "பாட்டே வேணாம்டா, வண்டி இருந்தா போதும்"னுட்டார்.

திறந்து பார்த்தா... கார்ல இருந்த ப்ளக்கை வெட்டி எறிஞ்சிட்டு, ஒயரை வெறும் கையால முறுக்கி டேப் சுத்தியிருக்காங்க. சாவி சுவிட்சுக்குப் பின்னாலேர்ந்து நேரா லைன். செட்டோட வர்ற ஃபியூஸைக் காணோம்! வெயில்ல நிறுத்தின காருக்குள்ள டேப்போட பசை இளகி, செம்பு வெளியே வந்து, பக்கத்து இரும்புல உரசிக்கிட்டு இருந்தது. பெட்ரோல் வண்டி மக்களே. நினைச்சாலே பகீர்னு இருக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம். கடையில வாங்குற பெரும்பாலான செட்டுல கலர் இதுதான். மஞ்சள் எப்பவும் 12 வோல்ட், ஸ்டேஷன் ஞாபகத்துக்கு. சிவப்பு, சாவி திருப்பினா மட்டும் 12 வோல்ட். கறுப்பு எர்த். வெள்ளை முன்பக்க இடது ஸ்பீக்கர், சாம்பல் முன்பக்க வலது, பச்சை பின்பக்க இடது, ஊதா பின்பக்க வலது. அதே கலர்ல கறுப்புக் கோடு போட்டிருந்தா அது மைனஸ்.

ஆனா இந்தக் கணக்கு செட்டுக்கு மட்டும்தான். கார்லேர்ந்து வர்ற ஒயருக்குச் செல்லாது. அதுவும் இருபது வருஷத்துல எத்தனை எலக்ட்ரீஷியன் கை வச்சாங்களோ! கலரை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க. மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில வச்சு, கறுப்பு முனையைப் பெயிண்ட் இல்லாத பாடி இரும்புல வைங்க. சாவி இல்லாமலே 12 காட்டினா அது மஞ்சளோட ஜோடி. சாவி திருப்பினா மட்டும் காட்டினா சிவப்போட ஜோடி. பார்க்கிங் லைட் போட்டா மட்டும் வந்தா அது டேஷ்போர்டு விளக்கு லைன், அதைத் தொடாதீங்க. பார்த்து முடிச்சதும் பேட்டரி மைனஸைக் கழட்டிட்டுத்தான் இணைக்கணும்.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினா ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷன் மறந்து போகும். ரெண்டையும் சேர்த்து பேட்டரி லைன்ல முறுக்கிட்டா செட் தூங்கவே தூங்காது. நாலு நாள் வண்டி நின்னா பேட்டரி காலி.

ஸ்பீக்கர் ஒயரைக் கண்டுபிடிக்க ஒரு பென்சில் பேட்டரி போதும். செட்டுல சேர்க்கறதுக்கு முன்னாடி ரெண்டு முனையிலயும் ஒரு நொடி தொட்டா 'டப்'னு சத்தம் வரும். கோன் வெளியே தள்ளினா, பேட்டரியோட பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ். ஒரு பக்கம் மாத்திக் கொடுத்தா பாட்டு வரும், ஆனா பேஸ் காணாமப் போயிடும். ரொம்பப் பழைய வண்டிகள்ல ஸ்பீக்கர் மைனஸை பாடியிலயே கொடுத்திருப்பாங்க. இப்ப வர்ற செட்டுக்கு அது ஆகாது. மைனஸ் பாடியில பட்டா உள்ள இருக்கற ஆம்ப்ளிஃபயர் போயிடும். புது ஒயர் இழுத்துடுங்க.

அட்டையில 50 வாட் × 4னு போட்டிருப்பான். பின்னாடி இருக்கறது 10 ஆம்ப் ஃபியூஸ். வண்டி ஓடும்போது 14 வோல்ட். பெருக்கினா 140 வாட்தான். 200 வாட் எங்கேர்ந்து வரும்? :-) அந்த ஆசையில பெரிய ஃபியூஸ் மட்டும் போட்டுடாதீங்க. ஒயருக்கு முன்னாடி ஃபியூஸ் எரியணும், அதுக்குத்தானே அது இருக்கு.

நான் எல்லா இணைப்பையும் பத்த வச்சு, சூட்டுல சுருங்குற குழாய் போட்டு மூடினேன். மஞ்சள் லைன்ல, கரண்ட் எடுக்கற இடத்துக்குப் பக்கத்துலயே ஃபியூஸ். முழுசா மூணு மணி நேரம் ஆச்சு. அப்பா முதல் வாரம் மோந்து மோந்து பார்த்துக்கிட்டே ஓட்டினார். இப்ப சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மாதான் சண்டை போடறாங்க.

நீங்களே செய்யணும்னு இல்லை. கடையில கொடுத்தாலும் பரவாயில்லை. பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மஞ்சள் ஒயர்ல ஃபியூஸ் எங்கண்ணே இருக்கு, காட்டுங்க?" அவர் யோசிச்சார்னா, செட்டைத் திரும்பக் கழட்டச் சொல்லிடுங்க.