மக்காச்சோளம் ஆளுயரம் ஆகுமுன்

புரட்டாசியில் மானாவாரியாக விதைத்த மக்காச்சோளம், கல்லறைத் திருநாளன்று நாம் மந்திரிக்கச் செல்லும் வழியெங்கும் முழங்கால் உயரம் நிற்கும். பெரம்பலூர், அரியலூர்க் கரிசலில் இஃது ஆண்டுதோறும் காணும் காட்சி. மேலுரமிட்டு மண் அணைத்ததும் பாதி வேலை முடிந்ததென்று உழவர் மூச்சுவிட்ட காலம் ஒன்று இருந்தது. 2018-இல் அமெரிக்கப் படைப்புழு நம் நாட்டில் தென்பட்டபின் அந்த நிம்மதி போயிற்று.

தாய் அந்துப்பூச்சி இலையில் நூறு, இருநூறு முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, தன் உடல் மயிரால் மூடிவைக்கும். அக்குவியலைக் கண்டு விரலால் நசுக்கினால் அத்தனையும் ஒழிந்தன. பொரித்த சிறுபுழு இலையைச் சுரண்டி வெண்திட்டு ஆக்கும். அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. வளர்ந்த பின்போ குருத்துக்குள் புகுந்து, மரத்தூள் போன்ற தன் எச்சத்தின் அடியில் பதுங்கிவிடும். மேலே தெளிப்பது அதனை எளிதில் எட்டாது. ஆதலால் முதல் நாற்பது நாளும் வாரம் இருமுறை வயலுக்குள் நடந்து இலை பார்ப்பவருக்கே பயிர் மிஞ்சும்.

நம் மக்களுள் பலர் செய்வதோ வேறு. பயிர் ஆளுயரம் வளர்ந்து, ஆண் பூ தலைகாட்டிய பிறகே பதறிக் கூலியாளை அழைக்கின்றனர். தெளிப்பானை முதுகில் சுமந்தவர் தலைக்குமேல் பீய்ச்சி, அத்துளிகளுக்குள்ளேயே நடந்து செல்கிறார். கூலி டேங்க் கணக்கென்றால் உச்சிவெயிலும் எதிர்க்காற்றும் பாராது விரைகிறார். மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டு, உயர்ந்து வளர்ந்த பருத்திக்குத் தெளித்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி மாண்டனர். இதைத்தான் நாம் 'மருந்து' என்று வழங்குகிறோம்!

பூத்த பயிர் கேட்பது நீரை. கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டிழையும் ஒரு மணிக்கு உரியது; மகரந்தம் சேராத இழைக்கு மணியில்லை. அந்நாள்களில் ஈரம் தவறினால் கதிர் பொக்கைவாயாகும். கிணற்றில் ஒரே ஒரு பாய்ச்சலுக்குத்தான் நீர் உண்டெனில், கருத்துள்ளோர் அதனை இதற்கென்றே வைத்திருப்பர்.

இளம்பயிருக்குத் தெளித்தே ஆகவேண்டுமெனினும், காலையிலோ மாலையிலோ, காற்றுக்கு எதிராகச் செல்லாமல், மூக்கும் வாயும் மூடி, முழுக்கைச் சட்டையணிந்து தெளிக்கச் செய்யுங்கள். டேங்க் கணக்கை விட்டு நாட்கூலி பேசுங்கள். சோப்பும் இரண்டு வாளித் தண்ணீரும் வரப்பிலேயே இருக்கட்டும். குளித்த பின்பே அவர் சோற்றில் கை வைக்கட்டும்.