வெட்டும் அளவும்

சிறு பொருள்களைப் பற்றி விரிவாகச் சிந்திப்பது நம்மிடையே அருகிய வழக்கம். அணைக்கட்டைப் பற்றிப் பேசுகிறோம். ஆலையைப் பற்றிப் பேசுகிறோம். துறைமுகத்தைப் பற்றியும் பெருந்தெருவைப் பற்றியும் வாதிடுகிறோம். காயத்தில் ஒட்டும் மருந்துப் பிளாஸ்ரரைப் பற்றி எவரும் கட்டுரை வரைவதில்லை. புண் ஆறியதும் உரித்தெறியப்படும் பொருளுக்கு வரலாறு எதற்கு என்பது பொதுவான எண்ணம். ஆயினும், ஒரு சமுதாயத்தில் யார் உழைக்கிறார், யார் தீர்மானிக்கிறார், யார் விலை கொடுக்கிறார் என்று அறிய விரும்புவோர்க்குப் பேராலையைப் போலவே இச்சிறு பொருளும் சான்று பகரும். ஆலையின் வாயிலில் காவலாளி நிற்பான். பிளாஸ்ரரோ எவருடைய சட்டைப்பைக்குள்ளும் தானே வந்து சேர்கிறது. எனவே அதனை ஆராய்வது நமக்கு எளிது.

பிளாஸ்ரர் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். மேலே துணி அல்லது மெல்லிய பிளாத்திக்குப் படலம். அதன் கீழே பசை. நடுவே புண்ணைத் தொடும் பஞ்சுத் துண்டு. அடியில் வழுவழுப்பான காப்புத் தாள். சிலிக்கோன் பூசப்பட்டமையால் அதிலே பசை இறுகப் பற்றாது. இருதயத் துடிப்பைப் பதிவுசெய்ய மார்பில் ஒட்டும் வில்லையும், நாளத்தில் ஏற்றிய ஊசிக்குழாயை அசையாமற் பிடிக்கும் ஒட்டும், நீரிழிவு நோயாளர் இரத்தம் சோதிக்கும் பட்டியும் இவ்வாறே பல படைகளால் ஆனவை. இப்படைகள் ஆலைக்கு வரும்போது அகன்ற சுருள்களாகவே வருகின்றன. சுருளைப் பொருளாக்குவது வெட்டு.

வெட்டும் கருவியின் அமைப்பு எளியது. கூரிய உருக்குத் தகட்டை வேண்டிய வடிவுக்கு வளைத்து, ஒட்டுப்பலகையில் அறுத்த பிளவிலே இறுக்கிப் பதித்தால் அது வெட்டச்சு ஆகிறது. தொழிலாளர் அதனை ‘டை’ என்றே சொல்வர். பெரிய ஆலைகளில் உருளையின் மேலேயே கூர்விளிம்பு செதுக்கப்பட்டிருக்கும். உருளை சுழலச் சுழலத் துண்டுகள் இடையறாது வந்துகொண்டிருக்கும்.

இவ்வேலையின் நுட்பத்தை நாம் நேரிற் கண்டது மருந்தாலையில் அன்று. யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில். பாடசாலை மலரின் படி திருத்தச் சென்றிருந்தோம். ஒரு காலத்தில் ஈயவெழுத்துக் கோத்து அச்சடித்த பழைய இயந்திரம் அங்கே ஒதுக்கப்படவில்லை. எழுத்துச் சட்டத்துக்குப் பதிலாக வெட்டச்சை ஏற்றிக்கொண்டு ஒட்டுச்சீட்டு வெட்டிக்கொண்டிருந்தது. இயந்திரத்தருகே நின்ற முதிய தொழிலாளர் மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடியிலே ஒட்டி, அழுத்தத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். “மாஸ்ரர், மேல்தாள் அறவேணும், கீழ்த்தாளிலை கீறல் விழப்படாது. கூட அமத்தினா ரண்டும் போச்சு, குறைய அமத்தினா ஒண்டும் உரிஞ்சு வராது” என்றார். இவ்விரண்டு வாக்கியங்களில் அத்தொழிலின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மருத்துவப் பொருளை வெட்டுவோர்க்கும் இதுவே விதி. ஆனால் அங்கே பிழை நோயாளியின் உடலிற் போய் முடியும். காப்புத் தாளிலே கீறல் விழுந்தால், அவசர வேளையில் உரிக்கும்போது அது கிழிந்துபோகும்.

மூலைகளை வளைவாக வெட்டுவதற்கும் காரணம் உண்டு. கூர்மூலை ஆடையிற் பட்டு விரைவிற் கிளம்பும். வளைந்த மூலை கிளம்பாது. துண்டுகளை நெருக்கி அடுக்குவதற்கும் காரணம் உண்டு. வீட்டிலே மாவைத் தட்டி அச்சால் வெட்டினால், எஞ்சிய மாவைத் திரட்டி மறுபடி தட்டலாம். பசை பூசிய சுருளில் எஞ்சுவதைத் திரட்ட இயலாது. சாளரங்கள் நிறைந்த வலைபோல அது உரிந்து கழிவுக்குச் செல்லும்.

இனி வரலாற்றைப் பார்ப்போம். 1882 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து மருந்தாளரான பவுல் பையர்ஸ்டோர்ப், கட்டாபேர்ச்சா என்னும் மரப்பாலைக் கொண்டு மருத்துவப் பிளாஸ்ரர் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். பின்னர் இறப்பர், பிசின், துத்தநாக ஒட்சைட்டு ஆகியவை சேர்ந்த பசை பரவலாயிற்று. 1920 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்திற் பஞ்சு கொள்வனவு செய்யும் பணியாற்றிய ஏர்ள் டிக்சன், சமையலின்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்ளும் தம் மனைவி ஜோசபினுக்காக, நீண்ட ஒட்டுப்பட்டியின் நடுவே இடைவிட்டுப் பஞ்சுத் துண்டுகளை வைத்துக் கொடுத்தார். வேண்டிய நீளத்தைக் கத்தரித்து அவரே கட்டிக்கொள்ளலாம். மறு ஆண்டு விற்பனைக்கு வந்தவை 18 அங்குல நீளமும் 2½ அங்குல அகலமும் கொண்ட, கையாற் செய்த பட்டிகள். 1924 இல் வெட்டும் இயந்திரம் வந்தது.

இயந்திரம் நன்மையே செய்தது என்பதை முதலிற் கூறுதல் வேண்டும். விலை குறைந்தது, எவரும் ஒற்றைக் கையால் ஒட்டிக்கொள்ள முடிந்தது, 1939 முதல் அது கிருமி நீக்கப்பட்ட உறையிலே கிடைத்தது. இயந்திரத்தைச் சபிப்பது முற்போக்காளர் வேலை அன்று. ஆனால் அவ்வியந்திரத்தோடு இன்னொன்றும் இடம் மாறியது. கத்தரிக்கோல் சமையலறையை விட்டு ஆலைக்குச் சென்றபோது, அளவைத் தீர்மானிக்கும் உரிமையும் அதனோடு சென்றது. யாருடைய விரலுக்கு எவ்வளவு என்று விரலுக்குரியவர் தீர்மானித்த காலம் போய், எங்கோ ஒரு வெட்டச்சு தீர்மானிக்கும் காலம் வந்தது.

அளவோடு நிறமும் அங்கேயே தீர்மானிக்கப்பட்டது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியின்போது எமது வகுப்பு மாணவி ஒருத்தி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்ரர் ஒட்டினோம். உறையிலே ‘தோல் நிறம்’ என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அவள் தன் கரிய முழங்காலையும் அதன்மேல் இளஞ்சிவப்பாகத் துலங்கிய துண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “சேர், இது ஆற்றை தோலின்ரை நிறம்?” என்று கேட்டாள். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கேள்வி சிரிப்புக்குரியது அன்று. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் மினியாப்பொலிஸ் நகரிற் கறுப்பினத்தவரான ஜோர்ஜ் புளொய்ட் பொலிசாராற் கொல்லப்பட்டு, மக்கள் தெருவில் இறங்கிய பின்னரே, அடுத்த மாதத்தில் அதே அமெரிக்க நிறுவனம் பல்வேறு தோல் நிறங்களுக்கேற்ற பிளாஸ்ரர்களைக் கொணரப்போவதாக அறிவித்தது. முதற் பிளாஸ்ரருக்கும் அவ்வறிவிப்புக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது.

பசையின் பக்கத்திலே நமது தீவின் கதையும் இருக்கிறது. 1876 இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்ற இறப்பர் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள், அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அங்கிருந்து தோட்டங்கள் பெருகின. எமது முதல் நியமனம் களுத்துறை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குக் கிடைத்தது. எமது மாணவன் ஒருவனுடைய தாயார் விடியுமுன் பால் வெட்டச் செல்பவர். ஒரு நாட்காலை அவர் வேலை செய்வதைப் பார்த்தோம். மரத்தைச் சுற்றிச் சரிவாகப் பட்டையை மெல்லிய சீவலாக எடுத்தார். வெண்பால் கோடாக இறங்கிச் சிரட்டையிற் சொட்டியது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மரத்தை வளர்க்கும் மென்படை இருக்கிறது. கத்தி அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் முன்னரே நிற்றல் வேண்டும். “மரத்துக்கு நோகாம வெட்டணும் சார். ஆழமா எறங்கிட்டா அந்த எடத்துல பட்டை சரியா வளராது” என்றார் அந்த அம்மையார். அச்சகத் தொழிலாளர் காப்புத் தாளைப் பற்றிச் சொன்னதற்கும் இவர் சொன்னதற்கும் பொருள் ஒன்றே. பேசும்போது அவருடைய சுட்டுவிரலைக் கவனித்தோம். கத்தி பட்ட இடத்திலே பழஞ்சேலைக் கிழிசல் சுற்றப்பட்டிருந்தது.

இந்தக் கைகளின் மதிப்பு என்ன? 1952 இல் இலங்கை சீனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பர் சென்றது. 270,000 தொன் அரிசி வந்தது. நாடு சோறுண்டது. ஆனால் அந்தப் பாலை வெட்டியவர்களிற் பலர் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்டிருந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் உரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003 இல். இன்று பல பிளாஸ்ரர்களிலே இயற்கை இறப்பர் இல்லை. அதிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தருவதாலும், எண்ணெயிலிருந்து பெறும் பசைகள் எளிதிற் கிடைப்பதாலும் அதன் இடம் சுருங்கிவிட்டது. பொருள் மாறியது, பாலை வெட்டுவோர் ஒருவராகவும் அளவை வெட்டுவோர் வேறொருவராகவும் இருக்கும் ஒழுங்கு மாறவில்லை.

அவ்வொழுங்கின் விலையை நாம் வீட்டிலேயே அறிந்த ஆண்டு 2022. எமது தாயார் இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோயாளர். நாள்தோறும் காலையிலே விரலிற் குத்தி ஒரு துளி இரத்தத்தைச் சோதனைப் பட்டியில் வைப்பார். அந்தப் பட்டியும் வெட்டினாற் பிறந்த பொருளே. பொலியெஸ்ரர் அடித்தகட்டின் மேல் மின்வாயும் நொதியமும், அவற்றின்மேல் நடுவே வாய்க்கால் வெட்டிய ஒட்டுப்படை, அதன்மேல் மூடி. எடுத்துக்காட்டாக, ஒட்டுப்படையின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர், வாய்க்காலின் அகலம் 1.5, நீளம் 4 எனக் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 0.6 கன மில்லிமீற்றர், அதாவது 0.6 மைக்ரோலீற்றர். சோதிக்கப்படும் இரத்தம் அவ்வளவே. சில வகைப் பட்டிகளில் வாய்க்கால் பத்திலொரு பங்கு அகன்றால், அளவீடும் அதற்கேற்பப் பிழைக்கும். அளவு என்னும் சொல்லுக்கு இங்கே உயிர் என்றே பொருள்.

அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே நடுப்பகுதியில் ஏறத்தாழ 360 ரூபா ஆயிற்று. ஏப்ரலிலே நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. அம்மா பாவித்த பட்டி வெளிநாட்டிலிருந்து வருவது. மருந்துக்கடையில் முதலில் விலை ஏறியது. பின்னர் பட்டியே இல்லை. அம்மா நாள்தோறும் சோதிப்பதைக் கிழமைக்கு ஒரு தடவையாக்கினார். பின்னர் அதனையும் விட்டார். “சீனி கூடினதோ குறைஞ்சதோ எனக்குத் தெரியும் தம்பி. இருபது வருசமாய் இந்த உடம்போடை தானே இருக்கிறன்” என்றார். அது எம்மைத் தேற்றுவதற்காகச் சொன்ன சொல். சீனி கூடுவதை உடல் எப்பொழுதும் சொல்லிவிடாது. சொல்லும்போது சிறுநீரகமோ கண்ணோ பழுதடைந்திருக்கும். ஓராசிரியர் வீட்டில் இந்நிலையெனில், நாட்கூலி பெறுவோர் வீட்டு நிலையை விரிக்க வேண்டுவதில்லை.

எந்த நாடும் எல்லாப் பொருளையும் தானே செய்துகொள்ள முடியாது என்று கூறுவோர் உளர். உண்மை. கதவை அடைத்துக்கொண்டு வாழ வேண்டுமென்பது எமது வாதம் அன்று. இத்தீவிலே இறப்பர்க் கையுறையும் திண்ம டயரும் செய்து உலகுக்கு விற்கிறார்கள். எனவே நம்மவர் கைக்கு நுண்ணிய வேலை வராது என்பதும் பொய். அந்த முதிய தொழிலாளர் பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டு, தாளை ஒட்டி ஒட்டி, இருபடைகளுக்கு இடையே கத்தியை நிறுத்துகிறார். அந்த அம்மையார் அரையிருளில் மில்லிமீற்றரை அறிந்து வெட்டுகிறார். நம்மிடம் இல்லாதது கைத்திறன் அன்று. அத்திறனுக்குக் கல்வியும் முதலும் மதிப்பும் கொடுத்து, மக்களின் தேவையை அளவாகக் கொண்டு உற்பத்தியைத் திட்டமிடும் எண்ணமே இல்லை.

இதிலே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பங்குண்டு. 2013 இல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. ஆயினும் கைவேலை செய்வோனைத் தாழ்வாகக் காணும் மனப்பான்மை நம் பெற்றோரை விட்டும் எம்போன்ற ஆசிரியரை விட்டும் இன்னும் அகலவில்லை. அதனை மாற்றும் வேலை தொழினுட்ப ஆசிரியருக்கு மாத்திரம் உரியதன்று. தமிழ் படிப்பிப்போர்க்கும் உரியது. சென்ற தவணையில் பத்தாம் வகுப்பிலே ஒரு பிளாஸ்ரரை மேசைமேல் வைத்து, இதிலே எத்தனை பேருடைய கைகள் பட்டிருக்கின்றன என்று எழுதச் சொன்னோம். வைத்தியர், தாதி, மருந்துக்கடைக்காரர், கப்பற்காரர் என்று எழுதினார்கள். ஒருவன் மாத்திரம் ‘இதை வெட்டியவர்’ என்று எழுதி, அதன் எதிரே பெயருக்கு இடம் விட்டிருந்தான். அவ்விடத்தை நிரப்பும் அறிவை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். வெட்டச்சை ஏந்தும் உரிமையையும் அவர்கள் கேட்கட்டும்.